கனவு அணியும் கம்பெனிக் கணினியும்

ஹெப்பகோடியிலும் அதை ஒட்டிய அனந்தநகர், கம்மசந்திரா, வீரசந்திரா பகுதிகளிலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் கணினி இல்லாத வீடு இன்று அநேகமாக இல்லை. ஆனால் அவற்றில் பல நம்முடையவை அல்ல, கம்பெனி கொடுத்தவை. பகலில் அலுவலகத்தில் திறக்கும் அதே கணினிதான் இரவில் சாப்பாட்டு மேசையிலும் திறக்கிறது. அதில்தான் மின் கட்டணம் கட்டுகிறோம், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ரயில் டிக்கெட் எடுக்கிறோம், பிள்ளையின் பள்ளிக் கட்டுரையை அச்செடுக்கிறோம். கிரிக்கெட் பருவம் வந்துவிட்டால் 'கனவு அணி'யும் அதில்தான் அமைகிறது.

"அலுவலகக் கணினியில் டீம் போட்டால் கம்பெனிக்குத் தெரியுமா? தெரிந்தால் வேலை போகுமா?" என்று இளைஞர்கள் பலர் என்னிடம் கேட்டதுண்டு. பல ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் கணினி வலையமைப்பைப் பராமரிக்கும் பிரிவில் பணியாற்றியவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். 'தெரியும்', 'போகலாம்' என்று இரண்டு சொற்களில் பதில் சொல்லிவிடலாம். ஆயினும் காரணம் தெரியாத பயமும் உதவாது, காரணம் தெரியாத துணிச்சலும் உதவாது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

கனவு அணி என்பது என்ன?

உண்மையான ஆட்டத்தில் விளையாடும் வீரர்களிலிருந்து நாம் ஓர் அணியைக் காகிதத்தில் அமைக்கிறோம். மைதானத்தில் அவர்கள் எடுக்கும் ஓட்டம், விக்கெட், கேட்ச் ஆகியவற்றுக்கேற்ப நம் அணிக்குப் புள்ளி சேர்கிறது. நம் புள்ளியும் மற்றவர் புள்ளியும் போட்டியிடுகின்றன. விளையாட்டு இவ்வளவுதான்.

இதன் பிறப்பிடம் அமெரிக்கா. 1962ல் ஓக்லந்து நகரின் கால்பந்து அணியோடு தொடர்புடைய சில நண்பர்கள் சேர்ந்து இதற்கு விதிகள் வகுத்தார்கள். அது அமெரிக்கக் கால்பந்து. நாம் காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. 1980ல் நியூயார்க்கில் பேஸ்பால் ஆட்டத்துக்கு இதே போன்ற ஒரு முறை வந்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துக்கு நடைபெறும் அதிகாரபூர்வமான கற்பனைப் போட்டியில் 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணத்துக்குள் 15 வீரர்களை எடுக்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் எடுக்கக் கூடாது. அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

நம் நாட்டில் இதைப் பரப்பியது 2008ல் மும்பையில் தொடங்கப்பட்ட ட்ரீம்11. கிரிக்கெட்டுக்கு 11 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விக்கெட் காப்பாளர், மட்டையாளர், பந்து வீச்சாளர், இரண்டும் செய்பவர் என எல்லா வகையிலும் ஆள் இருக்க வேண்டும். தலைவராக நாம் குறிப்பவருக்குப் புள்ளி இரு மடங்கு. துணைத் தலைவருக்கு ஒன்றரை மடங்கு. ஒருவர் 60 புள்ளி எடுத்தால் தலைவராக 120, துணைத் தலைவராக 90, சாதாரண வீரராக 60. பதினொருவரும் ஒன்றாகவே அமைந்தாலும், தலைவர் யார் என்ற ஒரே முடிவில் இரண்டு அணிகள் வெகுதூரம் பிரிந்துவிடும்.

இதில் யோசனைக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. சேப்பாக்கத்து ஆடுகளம் சுழற்பந்துக்குப் பேர் போனது. நம் சின்னசாமி மைதானமோ எல்லைக்கோடு குறுகியது; ஊரும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அடித்த பந்து சற்றுக் கூடுதலாகப் பறக்கும். சேப்பாக்கத்தில் ஆட்டமென்றால் கூடுதலாக ஒரு சுழற்பந்து வீச்சாளர், சின்னசாமியில் என்றால் கூடுதலாக ஒரு மட்டையாளர் என்று கணக்குப் போடுவதில் நியாயம் உண்டு. ஆனால் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம். பிறந்த ஊர்ப் பாசம் மஞ்சள் சட்டைப் பக்கம் இழுக்கும். பிழைக்க வந்த ஊர்ப் பற்று சிவப்புச் சட்டைப் பக்கம் இழுக்கும். பாசத்தில் அமைத்த அணி பெரும்பாலும் புள்ளி தருவதில்லை.

இதில் அலுவலகம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ஆட்டத்தில் இறங்கும் 11 பேர் யார் என்பது டாஸ் போடும்போதுதான் உறுதியாகும். டாஸுக்கும் முதல் பந்துக்கும் இடையே இருப்பது அரை மணி நேரம். அதற்குள் அணியைத் திருத்தியாக வேண்டும். 2023ல் இந்தியாவில் நடந்த உலகக் கோப்பையில் பகலிரவு ஆட்டங்கள் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கின. டாஸ் 1.30க்கு. எலக்ட்ரானிக் சிட்டியில் அது சாப்பாட்டு இடைவேளை முடிந்து மக்கள் இருக்கைக்குத் திரும்பும் நேரம். ஐ.பி.எல். மாலை ஆட்டம் என்றால் டாஸ் 7 மணிக்கு. அமெரிக்க வாடிக்கையாளரோடு பேச உட்காரும் நேரம். கையருகில் திறந்திருப்பது கம்பெனிக் கணினி. கை தானாக அதற்குப் போகிறது.

திறமையா, சூதா?

இந்தக் கேள்வியை நம் நீதிமன்றங்கள் பல்லாண்டுகளாக விவாதித்து வந்தன. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமே திறமை விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்திருந்தது. 1968ல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. 1996ல் டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயத்தையும் திறமையின் பக்கம் சேர்த்தது. அது கிண்டிப் பந்தயத் திடலை வைத்து எழுந்த தமிழ்நாட்டு வழக்கு. 2017ல் பஞ்சாப் – அரியானா உயர் நீதிமன்றம், ட்ரீம்11 ஆட்டமும் திறமை விளையாட்டே என்று தீர்ப்பளித்தது.

மாநிலங்கள் அதை ஏற்கவில்லை. தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டமும் 2021ல் சட்டமும் கொண்டு வந்தது. 2021 ஆகஸ்ட் 3ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. இரண்டே மாதத்தில், அக்டோபர் 5ஆம் தேதி, கர்நாடகத்தின் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ட்ரீம்11 இம்மாநிலத்தில் தன் கடையை மூடியது. 2022 பிப்ரவரி 14ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. அந்த நான்கு மாதங்களில் அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், ஓசூர்ப் பக்கம் வேறு சட்டம் என்றிருந்தது. வேலை பொம்மசந்திராவிலும் வீடு ஓசூரிலுமாக இருந்தவர்களின் கைப்பேசி தினமும் இரண்டு சட்டங்களைத் தாண்டிப் போய் வந்தது.

தமிழ்நாட்டின் அடுத்த சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அது ஆன்லைன் சூதாட்டத்தை நடத்துகிறவரை மட்டுமின்றி ஆடுகிறவரையும் தண்டிக்கும்: 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாக அதில் சேர்த்தது செல்லாது என்றது.

இந்த இழுபறியை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் வேறு வழியில் தீர்த்தது. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என மூன்றே நாளில் ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதமே அச்சட்டத்தில் இல்லை. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் விளையாட்டு எதுவாயினும் அதை நடத்தக் கூடாது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளம்பரம் செய்கிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவரை அச்சட்டம் தண்டிப்பதில்லை. பணம் புழங்காத ஆட்டத்துக்கும் அதில் தடையில்லை.

விளைவு உடனே தெரிந்தது. ட்ரீம்11 பணப் போட்டிகளை நிறுத்தியது. 358 கோடி ரூபாய்க்கு 2023ல் பெற்றிருந்த இந்திய அணியின் சட்டை விளம்பரத்தையும் விட்டு விலகியது. நம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.பி.எல். நிறுவனம் இந்தியாவிலிருந்த ஊழியரில் பெரும்பகுதியைக் குறைக்கப் போவதாகச் செய்தி வந்தது. விளையாடிப் பணம் இழந்த குடும்பங்களைப் போல, அந்த விளையாட்டை எழுதிச் சம்பாதித்த குடும்பங்களும் இந்நகரில் உண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது.

பணக் கணக்கு

தடை வந்த பின்னும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில் வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்கள் திருட்டுத்தனமாக வந்துகொண்டே இருக்கின்றன. மகாதேவ் உட்பட 22 செயலிகளையும் தளங்களையும் மத்திய அரசு 2023 நவம்பரில் முடக்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பத்துப் பேர் தலைக்கு 50 ரூபாய் கட்டுகிறார்கள். மொத்தம் 500. நடத்துகிறவர் தம் பங்காக 75 ரூபாய் எடுத்துக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கும் சேர்த்துத் திரும்புவது 425 தான். ஆளுக்குச் சராசரி ஏழரை ரூபாய் நஷ்டம். ஐ.பி.எல்.லில் 74 ஆட்டம் என்றால் ஒரு பருவத்துக்கு 555 ரூபாய். ஆட்டத்துக்கு ஐந்து அணி போடுகிறவருக்கு 2,775 ரூபாய். திறமைசாலி ஒருவர் லாபம் பார்க்கலாம். ஆனால் அந்த லாபம் மற்ற ஒன்பது பேரின் பையிலிருந்து வருவது. நடத்துகிறவர் பங்கு மட்டும் யார் வென்றாலும் குறையாது. இதன் மேல் 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதம் வரிப் பிடித்தமும், அதே ஆண்டு அக்டோபர் முதல் கட்டிய தொகை முழுவதன் மீதும் 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தன. சட்டம் தடுப்பதற்கு முன்பே கணக்கு அந்த ஆட்டத்துக்கு எதிராகத்தான் இருந்தது.

கம்பெனி எப்படிப் பார்க்கிறது?

இனி நான் தொழிலாகச் செய்த விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு இருக்கைக்கும் பின்னால் யாரோ உட்கார்ந்து எட்டிப் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. எல்லாம் தானாகவே பதிவாகிறது; தேவை வரும்போது எடுத்துப் பார்க்கிறார்கள்.

முதலாவது, வலையமைப்பின் வாசல். அலுவலகத்திலிருந்து இணையத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வாசல் வழியே போகிறது. எந்தக் கணினி, எந்தத் தளம், எத்தனை மணிக்கு, எவ்வளவு தகவல் என்பது அங்கே குறிப்பேட்டில் ஏறுகிறது. பெரும்பாலான தளங்கள் இன்று தகவலைப் பூட்டி அனுப்புகின்றன. ஒட்டிய உறையில் வைத்த கடிதம் போல. உள்ளே இருப்பது தெரியாது, மேலே எழுதிய விலாசம் தெரியும். யாரைத் தலைவராகப் போட்டீர்கள் என்பது தெரியாவிட்டாலும், 1.35க்கு அந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும்.

இரண்டாவது, உறையைப் பிரிப்பது. பல நிறுவனங்கள் தாம் கொடுக்கும் கணினியில் தம் சொந்தச் சான்றிதழ் ஒன்றைப் பதித்து வைக்கின்றன. அது இருந்தால் வாசலிலேயே உறையைப் பிரித்துப் பார்த்து, வேறு உறையில் போட்டு ஒட்டி அனுப்ப முடியும். உலாவியில் பூட்டுச் சின்னம் வழக்கம் போலவே தெரியும். வங்கி, மருத்துவமனைத் தளங்களுக்கு விலக்கு அளிக்கும் கம்பெனிகளும் உண்டு.

மூன்றாவது, கணினிக்குள் இருக்கும் காவலாள். எந்த ஜன்னல் திறந்திருக்கிறது, எந்தச் செயலி நிறுவப்பட்டது, எந்தக் கோப்பு பென் டிரைவில் ஏறியது என்று சிறு மென்பொருள் ஒன்று குறித்துக்கொள்கிறது. சில வகை மென்பொருள்கள் அவ்வப்போது திரையைப் படம் பிடிக்கும்; சில, தட்டும் எழுத்துகளையும் பதியும். இந்தக் காவலாள் கணினியோடு வீட்டுக்கும் வருகிறான். ஹெப்பகோடியில் நீங்கள் பணம் கட்டும் உங்கள் சொந்த வைஃபையில் இணைத்தாலும் அவன் வேலை நிற்பதில்லை.

இரகசிய ஜன்னல் என்ற ஒன்றை உலாவியில் திறந்தால் தப்பலாம் என்று சிலர் நம்புகிறார்கள். அது உங்கள் கணினியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவே. வாசலிலும் காவலாளிடமும் அது செல்லாது. வரலாற்றை அழிப்பதும் அப்படியே.

கைப்பேசி பற்றியும் கேட்கிறார்கள். உங்கள் கைப்பேசியைக் கம்பெனி வைஃபையில் இணைத்தால் தளத்தின் பெயர் தெரியும். உங்கள் சொந்த டேட்டாவில் பார்த்தால் கம்பெனியின் வாசலுக்கு அது வராது. அலுவலக மின்னஞ்சலுக்காக நிர்வாகச் செயலி ஒன்றைப் பதியச் சொன்னால், அது அலுவலகப் பகுதியைத் தனியே பிரித்து வைக்கும் வகையா, கைப்பேசி முழுவதையும் ஆளும் வகையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் வகையில் உங்கள் சொந்தப் பகுதியைக் கம்பெனி பார்க்காது.

சட்டம் யார் பக்கம்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, நம் பெங்களூர்க்காரர். ஆனால் அடிப்படை உரிமை முதன்மையாக அரசை நோக்கியது. தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் வேண்டும்.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், உரிமையாளரின் அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவதைத் தடுக்கிறது. உங்கள் மடியில் இருக்கும் கணினிக்கு உரிமையாளர் கம்பெனி. ஆகவே தன் கணினியைத் தான் சோதிப்பதை அச்சட்டம் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அதில் பதிவான உங்கள் கடவுச்சொல்லைக் கொண்டு ஒருவர் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்குள் நுழைந்தால், அனுமதியற்ற நுழைவு என்ற கேள்வி அங்கே எழும். கணினி கம்பெனியுடையது, அஞ்சல் பெட்டி உங்களுடையது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் முதலாளிக்குக் கதவு திறந்தே இருக்கிறது. வேலை தொடர்பாகவும், நிறுவனத்தை நஷ்டத்திலிருந்தும் வழக்கிலிருந்தும் காக்கவும், தொழில் இரகசியத்தைக் காக்கவும் ஊழியரின் சம்மதம் பெறாமலே அவருடைய தரவைக் கையாள அதன் 7ஆம் பிரிவு இடம் தருகிறது. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தரவைப் பத்திரமாக வைப்பது போன்ற முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டிருக்கின்றன.

ஐரோப்பாவில் நிலை சற்று வேறு. ருமேனியா நாட்டில் ஒரு பொறியாளர், வாடிக்கையாளருக்காகத் திறந்த செய்திக் கணக்கில் தம் சகோதரருக்கும் தாம் மணக்கவிருந்த பெண்ணுக்கும் எழுதினார் என்று 2007ல் வேலை இழந்தார். 2017 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கண்காணிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஊழியருக்கு முன்கூட்டியே சொன்னார்களா என்பது அங்கே முக்கியக் கேள்வியாயிற்று. கண்காணிக்கவே கூடாது என்று அந்நீதிமன்றம் சொல்லவில்லை. சொல்லாமல், அளவில்லாமல் கண்காணிக்கக் கூடாது என்றது. இந்தக் கொள்கை நமக்கும் நியாயமாகவே படுகிறது.

வேலையை எது பறிக்கிறது?

2009ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஃபிடெலிட்டி நிதி நிறுவனம், கற்பனைக் கால்பந்து ஆடியதற்காக நான்கு ஊழியர்களை நீக்கியது. அலுவலகக் கணினியில் பரிமாறிய சிறு செய்திகளே சான்றாயின. சூதாட்டத்துக்கு எதிரான கம்பெனி விதி காரணமாகக் காட்டப்பட்டது. 2024 மே மாதம் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒரு டஜனுக்கு மேற்பட்டோரை நீக்கியது. அவர்கள் வேலை செய்வதாகக் காட்ட விசைப்பலகை இயக்கத்தைப் போலியாக உண்டாக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல் வழக்கில் விதிமீறல், இரண்டாவதில் ஏமாற்று. 'ஐந்து நிமிடம் வீணாக்கினார்' என்ற ஒரே காரணத்துக்காக வேலை போவது அபூர்வம். ஐந்து நிமிடத்தை மறைக்கச் செய்யும் காரியம்தான் பெரும்பாலும் ஆபத்தாகிறது.

இங்கேயே ஒரு சம்பவம் உண்டு. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவர், எங்கள் தெருவில் குடியிருந்தவர். பணம் கட்டாத, நண்பர்களுக்குள் ஆடும் கனவு அணிதான் அவருடையது. அலுவலகத்தில் அந்தத் தளம் அடைக்கப்பட்டிருந்தது. அடைப்பைத் தாண்ட இலவச வி.பி.என். இணைப்பு ஒன்றை உலாவியில் சேர்த்துக்கொண்டார். சில மாதம் கழித்து அழைப்பு வந்தது. மேசை மேல் பட்டியல் இருந்தது. அவர் கிரிக்கெட் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எதிரே இருந்தவர்களுக்குக் கிரிக்கெட் பற்றிக் கவலையே இல்லை. வாடிக்கையாளரின் தகவல் இருக்கும் கணினியிலிருந்து யாரென்று தெரியாத ஒரு சர்வருக்கு இரகசியப் பாதை போட்டது ஏன் என்பதே அவர்கள் கேள்வி. வேலை போகவில்லை, ஆனால் அந்த வாடிக்கையாளரின் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டார், வெளிநாட்டுப் பயணமும் கைநழுவியது. அந்தப் பயணத்தை நம்பித் தங்கையின் கல்யாணத்துக்குத் தேதி பார்த்திருந்தார்கள். கடன் வாங்கித்தான் அதை முடித்தார்கள்.

ஓர் இலவச வி.பி.என். எதனால் இலவசம் என்று யோசித்தாலே கம்பெனியின் அச்சம் விளங்கும். பாதையை நடத்துகிறவர் அதில் போகிறவற்றைப் பார்க்கக் கூடிய இடத்தில் இருக்கிறார். 2025 சட்டத்துக்குப் பிறகு இன்னொரு அச்சமும் சேர்ந்திருக்கிறது. இன்று பணத்துக்கு ஆடச் செய்யும் எந்தத் தளமும் சட்டத்துக்குப் புறம்பானது. அதைக் கம்பெனிக் கணினியில் திறப்பது முன்பு போல வெறும் பொழுதுபோக்காக எண்ணப்பட மாட்டாது.

குடும்பங்கள் செய்யக் கூடியவை

1. வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட கணினிப் பயன்பாட்டு விதிகளை ஒரு முறை படியுங்கள். கண்காணிப்பு, சொந்தப் பயன்பாடு, சூதாட்டம், வெளி மென்பொருள் என்ற நான்கு தலைப்புகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

2. கம்பெனிக் கணினியின் உலாவியில் உங்கள் சொந்தக் கணக்கை இணைக்காதீர்கள். இணைத்தால் வீட்டில் சேமித்த வங்கிக் கடவுச்சொற்களும் அங்கே வந்து உட்காரும்.

3. பிள்ளைகளிடம் அந்தக் கணினியைக் கொடுக்காதீர்கள். பிள்ளை இறக்கிய விளையாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்திட்டவரே. பழைய கணினி ஒன்று வீட்டுக்கென்று இருந்தால் பாதிக் கவலை தீரும்.

4. கனவு அணி ஆட விருப்பமானால் பணமில்லாத ஆட்டத்தைச் சொந்தக் கைப்பேசியில், சொந்த டேட்டாவில் ஆடுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் நம் ஊருக்கு மஞ்சள் வழி மெட்ரோ ஓடுகிறது. பயோகான் ஹெப்பகோடி நிலையத்தில் ஏறி ஆர்.வி. ரோடு போய்ச் சேர்வதற்குள் நாலு அணி அமைக்கலாம்.

5. அடைப்பைத் தாண்டும் எதையும், சுட்டியைத் தானாக அசைக்கும் எதையும் சேர்க்காதீர்கள்.

6. விசாரணைக்கு அழைத்தால் பதற வேண்டாம். பதிவுகளை அழிக்காதீர்கள், வாசலில் இருக்கும் பிரதி அழியாது, அழித்தது மட்டும் புதுக் குற்றமாகச் சேரும். குற்றச்சாட்டையும் எந்தத் தேதிகள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உண்மையைச் சொல்லுங்கள். அன்றே ராஜினாமாவில் கையெழுத்திடச் சொன்னால் அவகாசம் கேளுங்கள். தனியாக முடிவெடுக்காமல் வழக்கறிஞரையோ விவரமறிந்த பெரியவரையோ கலந்துகொள்ளுங்கள்.

7. பணம் ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். நேரம் போகப் போகப் பணம் கை மாறிவிடும். விளையாட்டை விட முடியாத நிலை என்றால் வெட்கப்பட ஏதுமில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம். நம் ஊர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தொழில்நுட்பப் பழக்கங்களுக்கென்றே 'ஷட்' என்னும் தனிப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது.

பெற்றோருக்கும் துணைவியருக்கும் ஒரு வார்த்தை. கடன் செயலிகளிலிருந்து அழைப்பு வருவது, சம்பள நாளில் கணக்கைக் காட்டத் தயங்குவது, ஆட்ட நாளில் எரிச்சல் காட்டுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். கேட்கும்போது கணக்காகக் கேளுங்கள், குற்றமாகக் கேட்காதீர்கள். சொந்த ஊரை விட்டு வந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு மாமா வீடும் சித்தப்பா வீடும் அடுத்த தெருவில் இல்லை. அறையில் தனியாக இருப்பவனுக்கு அலைபேசியே துணை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நாலு குடும்பமாகச் சேர்ந்து ஒரே தொலைக்காட்சியில் பார்த்து, கனவு அணியைக் காகிதத்தில் எழுதி, தோற்றவர் எல்லோருக்கும் காபி போடுவது என்று வைத்துக்கொண்டால் அதற்குச் சட்டத் தடையும் இல்லை, எந்தக் கம்பெனியின் குறிப்பேட்டிலும் அது ஏறாது.